புலி விழுந்த காட்சி

தலையில் முதல் நரையைப் பிடுங்கத் தொடங்கிவிட்ட என் வயதுக்காரரே, இது உங்களுக்காகத்தான். ஒஸ்லோவில் சனிக்கிழமைக் காலைகளில் மற்றப் பிள்ளைகள் போர்வைக்குள் கிடந்து ரீவி பார்த்துக்கொண்டிருக்க, பனிச்சப்பாத்தும் தமிழ்ப் புத்தகமுமாய்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுபட்டுப் போனவர்கள் நாங்கள். இப்போது நம் பிள்ளைகளை நாம் இழுத்துக்கொண்டு போகிறோம். அன்று அம்மாவிடம் நான் சொன்ன அதே வயிற்றுக்குத்தை இன்று என் மகன் என்னிடம் சொல்கிறான்.

கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் உங்களில் ஒருவராவது கேட்பீர்கள்: "நீர்தானே அந்தச் சிங்கக் கார்ட்டூன் எடுத்தனீர்?" ஓம் என்று சிரித்துவிட்டு சாப்பாட்டு மேசையில் ரோல்ஸ் எடுக்கப் போய்விடுவேன். அந்த ஓமில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை இவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமில்லை, வெட்கம்தான்.

அந்தக் குளிர்காலம் எனக்குப் பதினொரு வயது. ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் இருந்தோம். அப்பா பஸ் ஓட்டினார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இலங்கையில் சமாதானப் பேச்சு முறிந்து சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா, வன்னியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் அவருடைய தொலைபேசி நின்றுபோயிருந்தது. அப்பா வேலையால் வந்து யாக்கெட்டைக் கூடக் கழற்றாமல் கணினிக்கு முன்னால் குந்திவிடுவார். ஒரு செய்தித் தளம் மாறி இன்னொன்று. அம்மா சாப்பிட வரச்சொல்லி மூன்று முறை கூப்பிடுவார். நாலாம் முறை கூப்பிடாமல் சோற்றை மூடி வைத்துவிடுவார்.

ஐந்தாம் தட்டில் என் சிநேகிதி இருந்தாள். என் வகுப்பு, என் வயது. அவள் சிங்களப் பிள்ளை. எங்கள் கட்டடத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் எங்கள் இரண்டும்தான். அவளுடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே இடத்தில் வேலை செய்தார்கள், வேலை நேரம் மாறும்போது பிள்ளைகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் தங்களுக்குள் நோர்ஸ்க்கில், அதுதான் நோர்வே மொழியில், கதைப்பார்கள். இரண்டு பேருடைய நோர்ஸ்க்கும் நொண்டி நொண்டித்தான் நடக்கும். ஆனால் பருப்புக்குத் தேங்காய்ப்பால் எப்போது விடுவது என்ற பேச்சு வந்தால் ஒரு தடங்கலும் இருக்காது. அப்பா மட்டும் அவர்களை "மேல் வீட்டுக்காரர்" என்பார். பகையில்லை. பெயர் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

நானும் சிநேகிதியும் கதைத்ததும் நோர்ஸ்க்தான். அவள் சொன்னவற்றை எங்கள் வீட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கு அவளுடைய குரல் கேட்கிறது.

எங்கள் வகுப்பு ஆசிரியை நல்ல உயரம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு வகுப்புக்குள் நடப்பவர். மாசி மாதம் ஒரு நாள் திரைச்சீலையை இழுத்துவிட்டு, இரண்டாம் உலக யுத்த காலத்துக் கார்ட்டூன்கள் சிலவற்றைப் போட்டுக் காட்டினார். ஒரு நாடு எடுத்த படத்தில் எதிரிப் படை முழுக்க எலிகள். அந்த எதிரி எடுத்த படத்தில் இவர்கள் கொழுத்த பன்றிகள். எலி பீப்பாய்க்குள் விழுந்தது, பீப்பாய் மலையிலிருந்து உருண்டது, வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியை விளக்கைப் போட்டார்.

"ஆரைப் பார்த்துச் சிரிச்சனீங்கள்?"

"எலியை!"

"அந்த எலி ஆர்?"

ஒரு பெடியன் மட்டும் "எலி எலிதான்" என்றான்.

பிறகு இன்னொரு படம் போட்டார். அதில் அறிவிப்பாளர் கம்பீரமான குரலில், எங்கள் நாட்டில் எல்லோருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு இருக்கிறது என்பார். படத்தில் ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி இருந்து பழைய சப்பாத்தை அவித்துக்கொண்டிருக்கும். சொல் ஒன்று, காட்டுவது வேறொன்று. அதற்கு இரோனி என்று பெயர் என்றார். முரண்நகை என்ற தமிழ்ச் சொல் எனக்கு வளர்ந்த பிறகுதான் கிடைத்தது. அன்று அம்மாவிடம் விளக்கியபோது, "உதைத்தானே நாங்கள் நையாண்டி எண்டு சொல்லுறனாங்கள், உதுக்கும் பள்ளிக்கூடமோ?" என்றார்.

இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து அப்படி ஒரு கார்ட்டூன் எடுக்க வேண்டும் என்பது வேலை. பிளாஸ்ரிசினில் உருவம் செய்து, பள்ளிக் கமெராவில் ஒரு படம் எடுத்து, கையைக் கொஞ்சம் நகர்த்தி, இன்னொரு படம் எடுத்து, இப்படியே இரண்டு கிழமை. நானும் அவளும் அலுமாரிக்குப் போய்ச் சேர முன்னம் நல்ல நிறமெல்லாம் தீர்ந்துவிட்டது. செம்மஞ்சள் மட்டும் ஒரு பெரிய கட்டி மிச்சம். செம்மஞ்சளில் என்ன செய்யலாம் என்று பார்த்தோம். சிங்கமும் புலியும்தான். இலங்கையில் எது சிங்கம், எது புலி என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. அன்றைக்கும் கதைக்கவில்லை, செய்தோம்.

செய்தவள் அவள்தான். எனக்குக் களியில் ஒரு புழு உருட்டவும் வராது. அவளுடைய விரல் பட்டால் கட்டிக்குக் கழுத்தும் முழங்காலும் வந்துவிடும். சிங்கத்துக்கு அவள் எடுத்த மாதிரி எங்கள் சிவப்புக் கடவுச்சீட்டில் இருக்கும் நோர்வேச் சிங்கம். தலையில் கிரீடமும் கையில் கோடரியுமாய் நிற்கும் அது. "ஏன் கோடரி?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச சிங்கமெல்லாம் கையிலை எதையாவது தூக்கிக்கொண்டுதான் நிக்குது," என்றாள்.

புலியின் வரிகளை எரிந்த நெருப்புக்குச்சியால் கீறினாள். மேசை விளக்கின் சூட்டுக்கு வரிகள் கரையும், சிங்கத்தின் பிடரி கழன்று விழும். அரைமணிக்கு ஒருமுறை எது எங்கள் ஆள், எது உங்கள் ஆள் என்று குழம்பிப்போவோம். அவள் சிரித்துச் சிரித்து மேசைக்குக் கீழே போய்விடுவாள்.

படம் நாலு நிமிடம். பின்னணியில் நான் நோர்ஸ்க்கில் ஒரு தளபதியின் குரலில் முழங்குவேன். "எங்கள் சிங்கம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அறியும்." சிங்கம் வாழைப்பழத் தோலில் கால் வைத்துப் பால் கிளாசுக்குள் விழும். "எங்கள் புலி ஒருபோதும் பின்வாங்காது." புலி பின்னுக்கு நடந்து நடந்து மேசையிலிருந்து விழும். மூன்று சிங்கம், மூன்று புலி, ஆளுக்கொரு விழுகை. கடைசியில் ஒரு சிங்கமும் ஒரு புலியும் எழும்பி, ஒரு மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் குந்தி, பள்ளிச் சாப்பாட்டுப் பாண் பொதியைப் பிரித்துச் சாப்பிடும், தளபதி மட்டும் வெற்றி வெற்றி என்று கத்திக்கொண்டிருப்பார். புலி மேசையிலிருந்து விழும் காட்சிக்கு மட்டும் ஒரு பின்னேரம் முழுக்கச் செலவழித்தோம். விழும்போது அது வாலால் மேசை விளிம்பைப் பிடிக்கப் பார்க்கும். அந்த வால் அவளுடைய யோசனை.

வகுப்பில் பெரிய கைதட்டல். ஆசிரியை அதை ஒரு சீடியில் போட்டுத் தந்தார். நான் ஓடிப்போய் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். முதல் சிங்கம் விழச் சிரித்தார். முதல் புலி விழ முகம் இறுகிவிட்டது.

"இதென்ன?"

"பகிடி, அப்பா."

"அங்கை சனம் சாகுது. உனக்குப் பகிடியோ?"

எனக்கு அழுகை வந்தது. அப்பா அதைக் கண்டு கொஞ்சம் இளகினார். சீடியைத் திரும்பப் போட்டு, சிங்கம் விழும் இடங்களை மட்டும் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

அழைத்தது வீடியோ மாமாவை. உங்களுக்கு அவரை மறக்காது. நம் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கும் அக்காமாரின் கலியாணமும் அவருடைய கமெராவுக்குள்தான் நடந்தன. எல்லிங்ஸ்ருட்டில் அவருடைய வீட்டு நிலவறையில் இரண்டு கணினி, சுவர் முழுக்க ஒலி பிடிக்கும் பஞ்சு. தமிழ்ப் பள்ளிக்கூடக் கலைவிழாவின் நிகழ்ச்சி நிரலும் அவர் கையில்தான். அவர் நாலு நிமிடத்தையும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கைதேர்ந்த ஆள், எங்கே என்ன நடக்கிறது என்று ஒரு தடவையிலேயே பிடித்துவிட்டார்.

"நல்லாச் செய்திருக்கிறாய் பிள்ளை. ஆனா புலி விழக்கூடாது."

"அது நையாண்டி மாமா. ரெண்டு பக்கமும் பெருமை பேசுது, ரெண்டும் விழுது."

"எனக்கு விளங்குது பிள்ளை. சனத்துக்கு விளங்காது."

இன்று யோசித்தால், உலகத்தில் கத்தரிக்கோல் பிடித்த எல்லோரும் இதே வசனத்தைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. மாமா கெட்டவரில்லை. அவருடைய அக்கா குடும்பமும் வன்னியில்தான். புலி விழுந்த மூன்றையும் வெட்டினார். வாங்கில் இருந்து பாண் சாப்பிட்டதையும் வெட்டினார். ஒட்டுகிற இடங்களுக்கு அவரிடம் இருந்ததெல்லாம் கலியாண வீடியோவுக்கு வாங்கிய அலங்காரங்கள்தான். ஆகவே ஒவ்வொரு சிங்கம் விழும்போதும் திரை இதய வடிவத்தில் சுருங்கி மூடும். அதைப் பார்த்து நான் சிரித்தேன். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை.

பிறகு என்னை ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்தினார். தானே எழுதிய தமிழ் வசனங்களைத் தந்தார். எங்கள் புலி பின்வாங்காது என்ற அதே பேச்சுத்தான், ஆனால் இப்போது அதை மறுத்துக் காட்ட படத்தில் ஒன்றுமில்லை. காதில் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டார். என் குரல் வானொலிக் குரல் போல எனக்கே கேட்டது. "இன்னும் கோபமா வாசி," என்றார். ஆறு முறை வாசித்தேன். ஆறாம் முறை மாமா கண்ணைத் துடைத்தார்.

எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு மிச்சத்தைச் சொல்வதில் பிரயோசனமில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் குரலுக்கு ஒரு பெரிய மனிதர் அழுதார் என்ற சந்தோசத்தில் எல்லிங்ஸ்ருட்டிலிருந்து வீடு வரும்வரை நான் தரையில் நடக்கவில்லை. எங்கள் முழுப் படம் இருந்த அந்த ஒரே சீடியை மாமாவின் மேசையில் விட்டுவிட்டு வந்ததும் அந்தக் குதூகலத்தில்தான். பிறகு கேட்டபோது தேடிப் பார்க்கிறேன் என்றார். அது போனது போனதுதான்.

விழாவுக்கு ஒரு கிழமை இருந்தது. சிநேகிதிக்கு நாங்கள் எடுத்த படம் பெரிய திரையில் ஓடப்போகிறது என்பது மட்டும் தெரியும். வெட்டியதைச் சொல்ல எனக்கு ஏழு நாள் இருந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் சொல்லலாம் என்று நினைப்பேன், அவள் அந்த வாலைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவாள். "உங்கடை ஆக்கள் அந்த இடத்திலை சிரிப்பினம் என்ன?" என்பாள். சிரிப்பார்கள் என்பேன். புதன்கிழமை அம்மாவே அவளைக் கூப்பிட்டுவிட்டார். அம்மாவுக்கு வெட்டியது தெரியாது. "அந்தப் பிள்ளை செய்த படம். அது வந்து பார்க்க வேணும்தானே," என்றார். அப்பா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விழாவன்று அம்மா என்னுடைய போன வருடத்துப் பட்டுப் பாவாடை சட்டையை அவளுக்கு உடுத்திவிட்டார். மயிரை இழுத்துப் பின்னி, பொட்டும் வைத்தார். மண்டபத்தில் எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு மாமி, "ஆற்றை பிள்ளை? நல்ல வடிவு," என்று கேட்டார். "மகளின்ரை சிநேகிதப் பிள்ளை," என்று சொல்லி நிறுத்திக்கொண்டார் அம்மா.

விளக்கு அணைந்தது. என் குரல் மண்டபம் முழுக்க வந்தது. முதல் சிங்கம் வாழைத்தோலில் கால் வைத்துப் பாலுக்குள் விழுந்தது. அவள் பலமாகச் சிரித்தாள், அது அவளுடைய பகிடி அல்லவா. சனம் கைதட்டியது. இதயம் மூடியது. அவள் என் கையைப் பிடித்து, "இப்ப வால்," என்றாள். இரண்டாம் சிங்கம் விழுந்தது. யாரோ விசிலடித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். மூன்றாம் சிங்கம் கோடரியோடு சரிந்தபோது மண்டபமே எழுந்து நின்றது. அவள் திரும்பித் திரும்பி ஆட்களின் முகங்களைப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டுத் தன் கையைப் பாவாடைக்கு மேல் வைத்துக்கொண்டாள். பாண் பொதிக் காட்சி வரவில்லை.

அப்பாவும் எழுந்து நின்று கைதட்டினார். கண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! ஒரு பக்கம் அப்பாவின் முகம், மறுபக்கம் அவளுடைய முகம். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் லேசாயிருந்தது. சித்தப்பாவின் தொலைபேசி பிறகு வரவேயில்லை. அப்பா அப்படிச் சிரித்ததையும் நான் பிறகு பார்க்கவில்லை. அதனால் அன்று கைதட்டியவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபப்படத் தெரியவில்லை.

விருந்தினராக வந்த நோர்வேக்காரர் மேடையேறினார். சண்டைபிடிக்கும் விலங்குகளைப் பற்றிப் பிள்ளைகள் இவ்வளவு அழகான சமாதானக் கதை சொல்லியிருக்கிறார்கள் என்று பாராட்டினார். கிரீடம் வைத்த சிங்கத்தைக் கண்டு பெருமைப்பட்டதாகவும் சொன்னார். அவர் தமிழ் வசனம் ஒன்றும் விளங்காமல் சொன்னார், எல்லோரும் அதற்கும் கைதட்டினார்கள்.

வீடு திரும்பும்போது ரயிலில் அவள் என் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டாள். எங்கள் வீட்டில் உடுப்பு மாற்றிவிட்டு, பாவாடையைக் கரை சேர்த்து மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். கூட்டிக்கொண்டு போனதற்கு நன்றி என்றாள். நோர்வேப் பிள்ளைகள் பிறந்தநாள் வீட்டிலிருந்து போகும்போது சொல்கிற அதே நன்றி.

திங்கட்கிழமை பள்ளியில் அவள் வேறு மேசையில் இருந்தாள். அன்று பின்னேரம் கதவு மணி அடித்தது. அவளுடைய அம்மா, கையில் சூடான கொக்கீஸ் பலகாரத் தட்டு. நான் என் அம்மாவுக்குப் பின்னால் ஒளித்து நின்றேன். ஆனால் வந்தவர் சிரித்த முகமாய் நின்றார்.

"மகள் எல்லாம் சொன்னவள். உங்கடை மண்டபத்திலை எல்லாரும் நல்லாச் சிரிச்சவையாம். அதுவும் புலி மேசையாலை விழேக்கை, வாலைக் கண்டு, ஒரே சிரிப்பாம். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே? அவளை அனுப்பப் பயந்துகொண்டிருந்தனான்."

அம்மா தட்டை வாங்கிக்கொண்டார். அவரும் அந்த மண்டபத்தில் இருந்தவர்தானே.

"ஓம்," என்றார் நொண்டி நோர்ஸ்க்கில். "எல்லாரும் சிரிச்சவை."

கதவைச் சாத்திவிட்டு அம்மா தட்டோடு அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வெட்டினது உனக்கு முன்னமே தெரியுமே?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ அந்தப் பிள்ளையைப் பக்கத்திலை இருத்தி வைச்சிருந்தனீ?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அடி விழும் என்று நினைத்தேன், விழவில்லை.

"அது தாயிட்டைப் பொய் சொல்லியிருக்குது. உன்னைக் காட்டிக் குடுக்காமல். மேலை போ. இப்பவே போ."

இரண்டு தட்டுப் படியும் ஏறுவதற்குள் சொல்ல வேண்டியதை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மாமாதான் வெட்டினவர் என்று ஒரு விதம். எனக்குத் தெரியாது என்று ஒரு விதம். அவள்தான் கதவைத் திறந்தாள். வாய்க்குள் கொக்கீஸ், உதட்டில் எண்ணெய். தயார்செய்து வந்தது ஒன்றும் வெளியே வரவில்லை. மன்னிச்சுக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

அவள் மென்று விழுங்கும்வரை என்னைப் பார்த்தாள்.

"வெட்டினது பரவாயில்லை," என்றாள். "நீ தமிழிலை என்ன சொன்னனீ எண்டு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனா அது உன்ரை குரல் எண்டு தெரிஞ்சும் நான் பயந்தனான்."

பிறகு, குளிர் வருது, உள்ளே வா என்று கதவை அகலத் திறந்தாள். நான் போனேன். அன்று விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் அவளோடு விளையாடினேன், ஒரு சொல்லையும் உரத்துச் சொல்லவில்லை.